ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தபின்னும் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி இருக்க முடியுமா?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 23. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் மனநோயோ வலிப்போ இருந்ததில்லை. சென்ற மாதத் தொடக்கத்தில் அவளுக்குத் தலைவலியும் இலேசான காய்ச்சலும் வந்தன. அடுத்த வாரமே தூக்கம் அடியோடு போயிற்று. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அழ ஆரம்பித்தாள். மனநல மருத்துவர் ஹாலோபெரிடால் கொடுத்தார். அதன்பின் உடல் மரக்கட்டைபோல் விறைத்து, காய்ச்சல் ஏறி, வலிப்பும் வந்தது. இப்போது பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. எதையோ மெல்லுவதுபோல வாயை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கிறாள்.

எம்ஆர்ஐ ஸ்கேனில் குறையேதும் இல்லை. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் வெள்ளணுக்கள் 22 இருந்தன; சர்க்கரையும் புரதமும் சரியான அளவில் உள்ளன; ஹெர்பிஸ் வைரஸ் பிசிஆர் நெகட்டிவ். ‘ஆட்டோஇம்யூன் பேனல்’ என்று ரத்தத்தில் செய்த சோதனையும் நெகட்டிவ். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இல்லாததால் இது உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு (ஆட்டோஇம்யூன்) நோயல்ல என்கிறார் ஒரு மருத்துவர். முடிவுக்குக் காத்திராமல் இன்றே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இருவருமே அனுபவம் உள்ளவர்கள். எந்த அடிப்படையில் இவர்கள் வேறுபடுகிறார்கள் என்பதையாவது நான் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

#2 சேரன் (நரம்பியல் மருத்துவர்)

தம்பி, நேரில் பார்க்காமல் நோயை உறுதிப்படுத்த என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது காய்ச்சல், பிறகு மனக்குழப்பம், பிறகு விறைப்பு, வலிப்பு, பேச்சு நிற்றல், வாயசைவு என்ற இந்த வரிசை, என்எம்டிஏ ஏற்பிக்கு (நரம்பணுவின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதம்) எதிரான மூளை அழற்சியில் நாங்கள் மீண்டும் மீண்டும் காண்பது.

இந்த நோய்க்கு நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய சகாக்களும் 2007இல்தான் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் முதலில் விவரித்த 12 பேரும் பெண்கள். பெரும்பாலோருக்குச் சினைப்பையில் டெரடோமா என்னும் கட்டி இருந்தது. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அந்தத் திசுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், மூளையில் உள்ள அதே ஏற்பியின் ஜிஎல்யுஎன்1 என்ற துணைக்கூறில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டப்பட்ட ஏற்பிகளை நரம்பணு தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதில் நரம்பணு சாவதில்லை; ஏற்பி மட்டுமே குறைகிறது. எதிர்ப்பொருள் நீங்கினால் ஏற்பிகள் திரும்பவும் மேற்பரப்புக்கு வருகின்றன. மாதக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தவர்கள்கூட எழுந்து படிப்பைத் தொடர்வதற்கு இதுவே காரணம். மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நோயின் தொடக்கத்தில் ஏன் மனப்பிறழ்வு வருகிறது என்பதும் விளங்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த எதிர்ப்பொருள் பெருமளவு மூளையின் எல்லைக்குள்ளேயே உற்பத்தியாகிறது. ஆகவே முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரில் அது ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் கிடைக்கும்; அதே நோயாளிகளின் ரத்தத்தில் தேடினால் ஏழில் ஒருவருக்கு நெகட்டிவ் என்று வந்துவிடும். ரத்தத்தை மட்டும் வைத்து இந்த நோய் இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. முதுகிலிருந்து எடுத்த நீரில் மிச்சம் ஆய்வகத்தில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் அதையே அனுப்பலாம்.

சிகிச்சைக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016இல் கிரௌஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோல் இதற்காகவே எழுதப்பட்டது: மூன்று மாதத்திற்குள் வேகமாக வளர்ந்த நினைவுக் குறைவோ, உணர்வு மாற்றமோ, மன அறிகுறியோ இருக்க வேண்டும்; அதனுடன் புதிய வலிப்பு, புதிய நரம்பியல் குறைபாடு, தண்டுவட நீரில் கன மில்லிமீட்டருக்கு 5க்கு மேல் வெள்ளணுக்கள், எம்ஆர்ஐ மாற்றம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்; வேறு காரணங்களை நியாயமான அளவு விலக்கியிருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தினால் ‘தன்னெதிர்ப்பு மூளை அழற்சியாக இருக்கலாம்’ என்று கொண்டு சிகிச்சை தொடங்கலாம். எதிர்ப்பொருள் முடிவு இந்த முதற்படியில் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எம்ஆர்ஐ இயல்பாக இருப்பதும் உங்களை ஏமாற்ற வேண்டாம். இந்நோயில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இயல்பாகவே இருக்கிறது. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி எடுத்தார்களா? அது மிகப் பெரும்பாலோருக்கு மாறியிருக்கும். கூடவே சினைப்பையைப் பார்க்கும் ஸ்கேனும் வேண்டும்.

#3 ஆய்வகன்

நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மருத்துவச் சீட்டில் ‘பேனல்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் ஆறு எதிர்ப்பொருள்களை மட்டுமே தேடும் சோதனை: என்எம்டிஏ, ஆம்பா1, ஆம்பா2, காபா-பி, எல்ஜிஐ1, காஸ்பிஆர்2. மாக், ஜிஎஃப்ஏபி, காபா-ஏ, புற்றுநோயோடு சேர்ந்து வரும் ஹூ, எம்ஏ2 போன்றவை அதில் இல்லை. ஆறும் இல்லை என்றால் அந்த ஆறும் இந்த மாதிரியில் அகப்படவில்லை என்றுதான் பொருள்.

மாதிரியை எப்போது எடுத்தார்கள் என்பது அதைவிட முக்கியம். இம்யூனோகுளோபுலின் (ஐவிஐஜி) ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் எதிர்ப்பொருள் கலந்திருக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றிய பிறகு எடுத்தால் நோயாளியின் சொந்த எதிர்ப்பொருளே கழுவிக்கொண்டு போயிருக்கும். இரண்டுமே முடிவைக் கெடுக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸுக்கான கோர் எதிர்ப்பொருள் சோதனையையும் ஐவிஐஜிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பின்னர் எடுத்தால், ஏற்றிய மருந்திலிருந்து வந்த எதிர்ப்பொருளால் பாசிட்டிவ் காட்டி, பிறகு பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைக் கொடுக்க வேண்டிய நாளில் எல்லோரையும் குழப்பும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#4 பூங்குழலி (மனநல மருத்துவர்)

சேரன் ஐயா சொன்னதில் இந்த நோயாளியைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பில்லை. ஹாலோபெரிடால் கொடுத்ததும் விறைப்பும் காய்ச்சலும் வந்ததே ஓர் எச்சரிக்கைதான். இந்நோயாளிகள் மனநோய் மருந்துகளை, குறிப்பாக வீரியமான பழைய மருந்துகளை, தாங்கமாட்டார்கள். அசைவும் பேச்சும் உறைந்துபோகும் கேட்டடோனியா நிலைக்கு லோரசெபாம் என்ற அமைதி மருந்தே முதலில் கைகொடுக்கும். ஹாலோபெரிடாலை உடனே நிறுத்தினார்களா என்று கேளுங்கள்.

ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அண்மைக் காலமாக என் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர்களில் சிலர், மகனுக்குப் பல ஆண்டுகளாக இருக்கும் ஸ்கிசோபிரினியாவையே ‘ஆட்டோஇம்யூனாக இருக்குமோ’ என்று கேட்கிறார்கள். என்எம்டிஏ எதிர்ப்பொருள் உறுதியான 571 நோயாளிகளை 2013இல் ஆராய்ந்தபோது, நரம்பியல் அறிகுறி ஏதுமின்றி மன அறிகுறி மட்டும் இருந்தவர்கள் 23 பேர், அதாவது 4 சதவீதம். அவர்களிலும் 18 பேருக்கு அது நோய் மீண்டும் திரும்பியபோது வந்தது. முதல் முறையே அப்படித் தொடங்கியவர்கள் 5 பேர் மட்டுமே. ஆக, வலிப்பில்லை, விறைப்பில்லை, உணர்வு மங்கவில்லை, தண்டுவட நீர் இயல்பு, நோய் மெதுவாக ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது என்றால், ஸ்டீராய்டைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், தன்னெதிர்ப்பு மூளை அழற்சி என்று சொல்லப்பட்டு சிறப்பு மையங்களின் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வந்த 393 பேரில் 107 பேருக்கு அந்த நோயே இல்லை. அவர்களில் சிலருக்கு இருந்தது செயல்சார் நரம்பியல் கோளாறு, சிலருக்கு மறதி நோய், சிலருக்கு முழுக்க மனநோய். பெரும்பாலோர் சேரன் ஐயா மேலே சொன்ன அளவுகோலின் முதற்படியையே எட்டவில்லை. பலரை வழிதவறச் செய்தது தைராய்டுக்கு எதிரான டிபிஓ எதிர்ப்பொருள். அது ஆரோக்கியமாக நடமாடும் மனிதர்களிடமே பரவலாகக் காணப்படுவது. என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்கு, பதற்ற நோயும் இந்த டிபிஓ முடிவும் தவிர வேறு எதுவும் இல்லாத நிலையில், வேறோர் ஊர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். நீரிழிவும் முதுகெலும்பு முறிவும்தான் மிச்சம்.

#5 சேரன்

அம்மா சொல்வது முழுக்க நியாயம். வேறு காரணங்களை விலக்க வேண்டும் என்ற, அளவுகோலின் மூன்றாம் வரியைப் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் நெகட்டிவ் என்ற தாளைப் பார்த்து நோயை மறுப்பதும், ஏதோ ஓர் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்ற தாளைப் பார்த்து நோயை நிறுவுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். ரத்தத்தில் மட்டும், அதுவும் குறைந்த அளவில், என்எம்டிஏ பாசிட்டிவ் வந்து தண்டுவட நீரில் இல்லையென்றால் நான் அந்த முடிவைச் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்.

#6 கடம்பன் (பொது மருத்துவர்)

‘வேறு காரணங்களை நியாயமாக விலக்குதல்’ என்பது நம் பகுதியில் எவ்வளவு பெரிய வேலை என்பதை இங்கே யாராவது எழுத வேண்டும். காசநோய் மூளையுறை அழற்சி, ஸ்க்ரப் டைஃபஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ், டெங்கு ஆகியவை எல்லாம் நம் வார்டில் தினமும் கிடப்பவை. ஹெர்பிஸ் முதல் பிசிஆர் மிகவும் முன்னதாக எடுக்கப்பட்டால் தவறாக நெகட்டிவ் ஆகலாம் என்பதால், அறிகுறி பொருந்தினால் வைரஸ் மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாமல் சில நாள் கழித்து மறுபடியும் சோதிக்கிறோம்.

இரண்டு இடங்களில் தொற்றும் தன்னெதிர்ப்பும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. ஹெர்பிஸ் மூளை அழற்சியிலிருந்து தேறியவர் சில வாரங்களில் மீண்டும் மோசமானால் வைரஸ் திரும்பிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஸ்பெயினில் 51 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், 14 பேருக்குப் பின்னர் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்தது. குழந்தைகளுக்கு அது கைகால் தானாக நெளியும் அசைவாகவும், பெரியவர்களுக்கு மனநிலை மாற்றமாகவும் வெளிப்படும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இன்னொன்று ஜிஎஃப்ஏபி எதிர்ப்பொருளால் வரும் அழற்சி. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2016இல் விவரித்தது. காய்ச்சல், தலைவலி, நீரில் நிணவணுக்கள், மிகுந்த புரதம் என்று பார்ப்பதற்கு அப்படியே காசநோய் போலவே இருக்கும். ஸ்டீராய்டுக்கு நன்றாக இணங்கும். காசநோய் மூளையுறை அழற்சிக்கும் நாம் ஸ்டீராய்டு சேர்த்தே கொடுப்பதால், நோயாளி தேறியதும் காசநோய் மருந்தால் தேறினார் என்று முடிவுகட்டி விடுகிறோம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது மீண்டும் படுத்தால்தான் சந்தேகமே வருகிறது. எம்ஆர்ஐயில் மூளை அறைகளைச் சுற்றி ஆரக்கால்கள்போல வெண்கோடுகள் தெரிகின்றனவா என்று கதிரியக்க மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்பது நல்லது.

#7 தில்லைநாயகி

என் மாமனாருக்கு 66 வயது. வலது முகமும் வலது கையும் ஒரு நொடி இழுத்துக்கொண்டு விட்டுவிடும். ஒரு நாளில் பலமுறை வரும். முதலில் பக்கவாத அறிகுறி என்றார்கள், பிறகு வலிப்பு என்று இரண்டு மாத்திரை கொடுத்தார்கள், எதற்கும் அடங்கவில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்துகொண்டே போனது. உப்பைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்கள். பேரன் பெயரை மறக்க ஆரம்பித்த பிறகுதான் எல்ஜிஐ1 சோதனை செய்தார்கள். இதுவும் நீங்கள் பேசும் நோயும் ஒன்றா?

#8 சேரன்

குடும்பம் ஒன்று, நோய் வேறு, அம்மா. எல்ஜிஐ1 எதிர்ப்பொருள் பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களை, அதிலும் ஆண்களை அதிகம் தாக்குகிறது. முகமும் கையும் ஒருங்கே நொடிப்பொழுது இழுப்பது இந்த நோய்க்கே உரிய அடையாளம். இவ்வளவு தனித்தன்மையான அறிகுறி நரம்பியலில் அரிது. அதோடு சோடியம் குறைவும் சேர்ந்தால் வேறு யோசனைக்கே இடமில்லை. இங்கே மேலே சொன்ன விதி தலைகீழாகிறது: எல்ஜிஐ1 எதிர்ப்பொருள் தண்டுவட நீரைவிட ரத்தத்தில்தான் எளிதில் கிடைக்கும். அதனால்தான் இரண்டு மாதிரிகளையும் ஒருசேர அனுப்பும்படி வற்புறுத்துகிறோம்.

இந்த இழுப்புள்ள 103 பேரைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், வலிப்பு மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இழுப்பு நின்றவர்கள் 10 சதவீதம்; நோயெதிர்ப்புச் சிகிச்சை சேர்ந்தபோது அது 51 சதவீதமாக உயர்ந்தது. மறதி தொடங்குவதற்கு முன்பே இழுப்பை அடக்கிவிட்டால் நினைவாற்றலைக் காப்பாற்ற முடிகிறது என்பதே அதன் முக்கியமான செய்தி. இந்தத் துறையில் மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்ட சோதனைகள் மிகக் குறைவு. எல்ஜிஐ1, காஸ்பிஆர்2 நோயாளிகளுக்கு ஐவிஐஜி கொடுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுச் சோதனையில் மொத்தம் 17 பேர்தான் இருந்தார்கள்: மருந்து பெற்ற 8 பேரில் 6 பேருக்கும், பெறாத 9 பேரில் 2 பேருக்கும் வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது.

#9 வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. ஹாலோபெரிடால் முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. இங்கே படித்ததை அச்செடுத்துக்கொண்டு போய் இரு மருத்துவர்களிடமும் ஒன்றாக உட்கார்ந்து பேசினேன். சேமித்து வைத்திருந்த தண்டுவட நீரை அனுப்பினார்கள். அதே மாலை மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள், தொடர்ந்து ஐவிஐஜி ஐந்து நாள். இஇஜியில் மூளையின் ஓட்டம் மிகவும் மந்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். சினைப்பையில் கட்டி இல்லை. நீரின் முடிவு வந்துவிட்டது: என்எம்டிஏ பாசிட்டிவ்.

வலிப்பு குறைந்திருக்கிறது. ஆனால் பேச்சு வரவில்லை, வாயசைவும் நிற்கவில்லை, இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. அடுத்ததாக ரிட்டுக்சிமாப் என்கிறார்கள். ஐவிஐஜிக்கே, 60 கிலோ எடைக்கு 120 கிராம் என்று கணக்கிட்டு, 5 கிராம் பாட்டில் 24 வாங்கினோம். நகையை அடகு வைத்துத்தான். இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாமா?

#10 சேரன்

பொறுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். 577 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியான ஆய்வே இன்றும் நாங்கள் சாய்ந்துகொள்ளும் தூண். அதில் முதல்வரிசைச் சிகிச்சையாலோ (ஸ்டீராய்டு, ஐவிஐஜி, பிளாஸ்மா மாற்றம்) கட்டியை அகற்றியதாலோ நான்கு வாரத்திற்குள் தேறத் தொடங்கியவர்கள் 53 சதவீதம். மற்றவர்களில் ரிட்டுக்சிமாப் அல்லது சைக்ளோபாஸ்பமைட் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நோய் திரும்புவதும் குறைந்தது. மொத்தத்தில் இரண்டு ஆண்டு முடிவில் 81 சதவீதத்தினர் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு வந்துவிட்டார்கள். சிகிச்சை தொடங்க நான்கு வாரத்திற்கு மேலாவது, தொடங்கிய நான்கு வாரத்தில் முன்னேற்றமில்லாதது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்வது, எம்ஆர்ஐ மாற்றம், நீரில் 20க்கு மேல் வெள்ளணுக்கள் என்ற ஐந்தும் முதலாண்டு முன்னேற்றத்தைத் தாமதப்படுத்துபவை என்று 2019இல் ஒரு மதிப்பெண் முறையே வகுத்திருக்கிறார்கள். உங்கள் தங்கைக்கு அவற்றில் ஒன்று, வெள்ளணு 22, ஏற்கெனவே பொருந்துகிறது.

ரிட்டுக்சிமாப் இந்தியாவிலேயே 2007 முதல் தயாராகிறது. ஐவிஐஜியோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. வழக்கமாக 1000 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து மீண்டும் 1000, அல்லது உடற்பரப்புக்கு ஏற்ப வாரம் ஒருமுறை நான்கு வாரம். அது பி அணுக்களை அழிப்பதால் உறங்கிக்கிடக்கும் மஞ்சள் காமாலை பி வைரஸ் விழித்துக்கொள்ளும். ஆகவே ஆய்வகன் சொன்ன சோதனை ஐவிஐஜிக்கு முன் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் வேண்டும். ஒருவேளை பிளாஸ்மா மாற்றும் பேச்சு எழுந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இப்போது செய்தால் நகை வைத்து வாங்கிய ஐவிஐஜியும், புதிதாக ஏற்றிய ரிட்டுக்சிமாபும் சேர்ந்தே வெளியேறும். வரிசையை மருத்துவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

இரத்த அழுத்தம் ஏறி இறங்குவது நோயின் பகுதிதான். இதயத் துடிப்பும் சுவாசமும் அவ்வாறே தடுமாறக்கூடும் என்பதால், கண்காணிப்புக் கருவி உள்ள படுக்கையிலிருந்து அவரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

#11 மணிமேகலைத்தோழி

என் மகனுக்கு 14 வயதில் இதே நோய் வந்து, இப்போது கல்லூரியில் படிக்கிறான். பேச்சு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், வைகைக்கரை. திரும்பி வரும்போது கோபமும் அடங்காத பசியும் உறக்கக் குலைவும் முன்னால் வந்து, உறவினர்கள் ‘மூளை குழம்பிப்போச்சு’ என்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். மருத்துவமனையில் இருந்த நாட்கள் எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. நடமாட ஆரம்பித்ததும் பள்ளிக்கு அனுப்பியபோது கணக்குப் போட முடிந்தது, ஆனால் இரண்டு வேலைகளை அடுத்தடுத்து நினைவில் வைத்துச் செய்ய முடியவில்லை. அரை நாள் பள்ளி, தேர்வில் கூடுதல் நேரம், நினைவுப் பயிற்சி என்று ஓராண்டுக்கு மேல் சென்றது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: வலிப்பு மாத்திரையை இன்னும் கொடுத்து வருகிறோம். ஆயுள் முழுவதும் வேண்டுமா? ஆண்டுதோறும் எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டுமா?

#12 சேரன்

அம்மா, இந்த நோயில் வரும் வலிப்பு மூளை அழற்சியின் உடனடி விளைவு. அழற்சி அடங்கியதும் பெரும்பாலோருக்கு அதுவும் அடங்கிவிடுகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் மாத்திரை என்பது பொது விதியல்ல. வலிப்பில்லாமல் பல மாதங்கள் கடந்து, இஇஜியும் தெளிந்திருந்தால் படிப்படியாகக் குறைக்கலாம். திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எதிர்ப்பொருள் சோதனையை ஆண்டுதோறும் செய்யத் தேவையில்லை. நன்றாகத் தேறியவர்களிடமும் அது ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே தொடரலாம்; அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவது நோயாளிக்கல்ல, தாளுக்குச் செய்யும் சிகிச்சை. இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்புவது 12 சதவீதத்தினருக்கு. எனவே தூக்கம் குறைதல், பேச்சில் மாற்றம், காரணமற்ற பயம் ஆகியவை ஓரிரு நாளைக்கு மேல் நீடித்தால் உடனே காட்டுங்கள்.

வைகைக்கரை, உங்கள் தங்கைக்கு இப்போது கட்டி இல்லை என்றாலும், அவர் தேறிய பிறகும் சில ஆண்டுகள் 6 மாதத்திற்கு ஒருமுறை சினைப்பை ஸ்கேன் எடுத்துவரச் சொல்வார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே அதைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாங்க முடியாத மருந்து என்று ஹாலோபெரிடாலின் பெயரும் அதே சீட்டில் இருக்கட்டும்.